பீபியை வேலையை விட்டு நீக்கிய கதை

எங்கள் ஊர் தேஜ்கூவை ஆள ஈரான் மன்னர் ஷா அனுப்பிய படை ஆளுநர்களில் ஐந்து பேரை நான் பார்த்திருக்கிறேன். ஐந்து பேரின் மனைவிமார் முதுகையும் தேய்த்திருக்கிறேன். ஊரில் குளிக்க இருப்பது ஒரே ஹமாம். விடியலிலும் சாயந்திரமும் ஆண்கள் குளிப்பார்கள், வெயில் ஏறியபின் பெண்கள். ஆண்களுக்கு முதுகு தேய்ப்பவன் என் தம்பி பராத். பெண்களுக்கு நான், ஸீவர். ஆகவே ஆளுநர் மாளிகை ரகசியம் என்று ஒன்று எங்களுக்குக் கிடையாது. வெளியே குடையும் கொடியுமாகப் போகிறவர்களை நாங்கள் துணியில்லாமல் பார்த்தவர்கள். தொப்பை, சொறி, முதுகு நிறையப் பரு. அவ்வளவுதான் ஆளுநர்.

முதலாமவன் வேட்டைப் பருந்துகளோடு வந்தான். ஊர்க் கோழியெல்லாம் அவன் பருந்துகளின் வயிற்றுக்குள் போயிற்று. அடுத்தவன் தெஹ்ரான் முலாம்பழம் கிடைக்கவில்லையே என்று அழுதே ஒரு கோடையைக் கழித்தான். மூன்றாமவன் எந்நேரமும் தூங்கினான். அவனைப் பற்றி மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். நான்காமவன் செத்துப்போனதை மறைத்துவிட்டு அவன் மைத்துனன் ஒரு குளிர்காலம் முழுக்க ஆண்டான். ஊரில் எவனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இந்தப் பொட்டல் ஊருக்குப் படை ஆளுநர் எதற்கு என்று கேட்பீர்கள். எல்லை எங்கோ இருக்கிறது. எதிரியைக் கண்ணால் கண்டவன் இங்கே ஒருத்தனும் இல்லை. எல்லாம் பீபியால் வந்தது.

பீபி என்பது கோட்டை வாசல் சதுக்கத்தில் நிற்கும் வெண்கலப் பீரங்கி. இந்த ஷாவின் தாத்தா காலத்தில் கிழக்கே சண்டைக்குப் போன படை, உதை வாங்கித் திரும்பி ஓடி வந்தபோது, இழுத்துக்கொண்டு ஓட முடியாமல் இங்கே விட்டுவிட்டுப் போனது. விட்டுவிட்டு ஓடினோம் என்று சொல்ல மானம் இடம் கொடுக்குமா? ‘காவலுக்கு நிறுத்தினோம்’ என்று ஆணை எழுதிவிட்டார்கள். பீரங்கி இருந்தால் அதைக் காக்க ஒரு படை வேண்டும். படை இருந்தால் அதற்கு மேல் ஓர் ஆளுநர் வேண்டும். இப்படித்தான் ஒவ்வொருத்தனாக எங்கள் தலையில் வந்து விடிந்தான்.

ஆனால் பீபியை நாங்கள் வைய மாட்டோம். ஷாவின் பீரங்கியைத் தொட்டுக்கொண்டிருப்பவன் ஷாவின் மடியையே பிடித்துக்கொண்டிருப்பவன். அவன் கொலை செய்திருந்தாலும் சரி, கொள்ளை அடித்திருந்தாலும் சரி, கை எடுக்காதவரை அவனை யாரும் தொடக்கூடாது. நாடு முழுக்க உள்ள வழக்கம் இது. ஆளுநர்களிடமிருந்து தப்ப எங்களுக்கு இருந்த ஒரே இடம் அதுதான். பெண்கள் பிள்ளை வரம் கேட்டு அதன் சக்கரத்தில் துணி முடிவார்கள். பிள்ளை பிறந்தால் வந்து அவிழ்ப்பார்கள்.

ஐந்தாமவன் கதைக்கு வருகிறேன். அவனுக்கு ஷா கொடுத்த பட்டம் ‘படைத் தீரன்’. தூ! வெடிச்சத்தம் கேட்டால் மெத்தைக்குள் தலையை விட்டுக்கொள்வான் என்று அவன் மனைவி பேகமே என் கையில் முதுகைக் கொடுத்துக்கொண்டு சொன்னாள். அவன் வந்த நாளிலிருந்து பீபி ஒரு தரம்கூட வெடித்ததில்லை. பீபிக்குப் பூசும் எண்ணெயில்கூட அவன் வீட்டுச் சமையல் நடந்தது.

அவன் கையில் நானூறு சிப்பாய்கள் இருப்பதாக தெஹ்ரானில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கோட்டைக்குள் இருந்தவர்கள் நாற்பது பேர் இருக்கலாம். நானூறு பேர் சம்பளமும் தீரன் பைக்குப் போயிற்று. அந்த நாற்பது பேருக்கும் சம்பளம் என்பது கேள்விப்பட்ட சங்கதி. பாவம், ஒருத்தன் செருப்புத் தைத்தான், ஒருத்தன் தோட்டம் கொத்தினான், பீரங்கிக்காரர் சப்ஸ் அலி கல்யாண வீடுகளில் பானை கழுவினார். ஓடிப்போகலாமென்றால் காதை அறுப்பார்கள்.

ஒரு வசந்தத்தில் படையைத் தலை எண்ணிப் பார்க்க மஷத் நகரத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நம் தீரன் என்ன செய்தான்? ரொட்டி சுடுகிறவன், கழுதைக்காரன், பிணம் கழுவுகிறவன் எல்லாரையும் பிடித்துச் சிப்பாய் உடுப்பை மாட்டிச் சதுக்கத்தில் நிறுத்தினான். என் தம்பி பராத்தும் அதில் ஒருத்தன். உடுப்பு பத்தாமல் பாதிப் பேருக்குச் சட்டை மட்டும், மீதிப் பேருக்குத் தொப்பி மட்டும். பராத்துக்குத் தொப்பி கிடைத்தது.

அதிகாரி வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தவர் பராத்தின் முன்னால் நின்றார்.

“உன்னை எங்கயோ பார்த்திருக்கேனே?”

“காலையில பார்த்தீங்க சர்க்கார். ஹமாம்ல உங்க முதுகைத் தேச்சது நாந்தான்.”

“நீ சிப்பாயா, முதுகு தேய்க்கறவனா? ஒழுங்காச் சொல்லு.”

“காலையில முதுகு சர்க்கார். இப்ப நாட்டைக் காத்துட்டிருக்கேன். சாயந்திரம் மறுபடி ஹமாமுக்குப் போயிடுவேன். எதிரி வர்றதா இருந்தா அதுக்குள்ள வந்துட்டா தேவலை.”

ரொட்டிக்காரன் களுக்கென்று சிரித்தான். அவ்வளவுதான், வரிசை முழுக்கக் கொல்லென்று சிரித்தது. பிணம் கழுவுகிறவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டான். அதிகாரியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தீரனைத் தோளில் தட்டி மாளிகைக்குள் அழைத்துப் போனார். வெளியே வரும்போது தீரன் உயிரையே வைத்திருந்த வெள்ளைக் குதிரை மேல் அவர் உட்கார்ந்திருந்தார். படை சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அதிலேயே மஷத் போய்ச் சேர்ந்தார்.

குதிரை கண்ணுக்கு மறைந்ததும் தீரன் கத்திய கத்தல் ஹமாம் வரை கேட்டது.

“அவன் நாக்கை அறுத்துத் தட்டுல வச்சுக் கொண்டாங்கடா! எனக்கு அந்த நாக்கு வேணும்!”

அடியாட்கள் கத்தியோடு வருவதற்குள் என் தம்பி இடுப்பில் குளியல் துண்டோடு ஓடிப்போய்ப் பீபியைக் கட்டிக்கொண்டுவிட்டான்.

நான் போய்ப் பார்த்தபோது சக்கரத்துக்கு அடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முதுகைப் பீரங்கி வண்டியோடு ஒட்டி வைத்திருந்தான். எனக்கு வந்த ஆத்திரத்தில் நாலு அறை விடலாம் போலிருந்தது.

“ஏண்டா, உன் வாய்க்குத் தாழ்ப்பாளே கிடையாதா?”

“கேட்டாருக்கா. சொன்னேன்.”

“கேட்டா சொல்லிடுவியா? ஊரே சட்டையை மாட்டிட்டு வாயை மூடிட்டு நின்னுது. உனக்கு மட்டும் என்ன வந்துது?”

“எனக்குத் தொப்பிதானே கொடுத்தாங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுதுவிட்டேன். அம்மா காலராவில் போனபின் நான் ரொட்டியை நனைத்து நனைத்து ஊட்டி வளர்த்த வாய் அது. பேச்சு நின்றால் அவன் பராத்தாக இருக்க மாட்டான். அவன் வாய் ஓயாமல் பேசுவதைக் கேட்கவே பக்கத்து ஊரிலிருந்துகூட அவனிடம் முதுகு தேய்த்துக்கொள்ள வந்தார்கள்.

தீரன் முதலில் பட்டினி போட்டுப் பார்த்தான். பராத்துக்கு யாரும் சோறு தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று முரசு அறைந்தான். அன்றிலிருந்து ஊர்ப் பெண்களுக்குத் திடீரென்று பக்தி முற்றிவிட்டது. காலையும் மாலையும் துணி முடிய வந்தார்கள். துணிக்குள் ரொட்டி இருந்தது, அவித்த முட்டை இருந்தது, உலர்ந்த முசுக்கட்டைப் பழம் இருந்தது. பல்லே இல்லாத கிழவிகள்கூடப் பிள்ளை வரம் கேட்டு வந்தார்கள். காவலுக்கு நின்ற சப்ஸ் அலி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிள்ளையில்லாத பேகமும் பல்லக்கில் வந்து ஒரு பட்டுத் துணி முடிந்தாள். அதில் பாதாம் மிட்டாய் இருந்தது. தின்று தின்று என் தம்பிக்குக் கன்னம் வைத்துவிட்டது.

தீரனுக்குத் தூக்கம் போயிற்று. மாளிகை ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே பராத். அவன் வேறு சும்மா இருந்தானா? போகிற வருகிறவனிடமெல்லாம் ஊர்வம்பு பேசினான். ஒவ்வொரு பேச்சுக்கும் சிரிப்புச் சத்தம் எழும். ஒவ்வொரு சிரிப்பும் தன்னைப் பற்றித்தான் என்று தீரன் நினைத்தான். பாதி நேரம் அது உண்மையும்கூட.

அப்போதுதான் எழுத்தர் மீர்ஸா ஒரு யோசனை சொன்னான். இந்த மீர்ஸா இரண்டு பேர் பேசினால் மூன்றாவதாகப் போய்த் திருத்துகிறவன். சட்டம் சட்டம் என்று தூக்கத்தில்கூடச் சொல்லுவான் என்று அவன் மனைவியே என்னிடம் புலம்பியிருக்கிறாள்.

“சர்க்கார், ஷாவோட ஊழியத்துல இருக்கற வரைக்கும்தான் அது ஷாவோட பீரங்கி. ஊழியத்தை விட்டு நீக்கிட்டா அது வெறும் வெண்கலம். வெண்கலத்தைப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கறவனுக்கு ஏது அடைக்கலம்?”

தீரன் மீர்ஸாவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தானாம்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் முரசு கொட்டி ஊரையே சதுக்கத்துக்கு வரவழைத்தார்கள். நாற்பது சிப்பாய்களும் துப்பாக்கியோடு நின்றார்கள். தீரன் இடுப்பில் வாளோடு வந்தான். வாள் அவன் காலில் இடறிக்கொண்டே வந்தது. மீர்ஸா தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தான். தேஜ்கூ பீரங்கி கடமையில் தவறிவிட்டதாம். குற்றவாளிக்கு இடம் கொடுத்ததாம். ஆகையால் இந்த நிமிஷத்திலிருந்து ஷாவின் ஊழியத்திலிருந்து அது நீக்கப்படுகிறதாம். பீரங்கிக்கு வேலை போயிற்று! என் வாழ்நாளில் இப்படி ஒரு கூத்தை நான் பார்த்ததில்லை.

தீரன் தன் கையாலேயே பீபியின் நெற்றியில் இருந்த சிங்கமும் சூரியனும் பொறித்த செப்புத் தகட்டைப் பெயர்த்து எடுத்தான். பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. பேகம்தான்.

“அப்ப நான் முடிஞ்ச துணிக்கு இனிமே யார் பதில் சொல்றது? நீங்களா?”

ஊர் சிரித்தது. தீரனின் காது சிவந்தது. “பிடிங்கடா அவனை!” என்றான்.

அடியாட்கள் மூன்று பேர் முன்னால் வந்தார்கள். ஒருத்தன் கையில் இடுக்கி இருந்தது. பராத்தின் முகம் மாவு மாதிரி வெளுத்துவிட்டது. அவன் பேசாமல் இருந்து நான் முதல் தடவையாகப் பார்த்தது அன்றைக்குத்தான். நான் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடிப்போய் அவன் முன்னால் நின்றேன். என்ன செய்ய முடியுமென்று எனக்கே தெரியாது. கையில் முதுகு தேய்க்கும் முரட்டுக் கையுறை மட்டும்தான் இருந்தது.

அப்போது சப்ஸ் அலி வாய் திறந்தார்.

“மீர்ஸா ஐயா, ஒரு சந்தேகம். நாங்க தேஜ்கூ பீரங்கிக் காவல் படை. அப்படித்தானே எங்களுக்குப் பேரு?”

“ஆமா. அதுக்கென்ன இப்ப?”

“பீபிக்கே வேலை போயிருச்சுன்னா எங்களுக்கு இருக்கா, போச்சா?”

மீர்ஸா வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் சட்டக் கேள்வி கேட்டுவிட்டார்களே. அவனுக்கு நாக்கு நமநமவென்று அரித்திருக்கும். தாடியைத் தடவினான்.

“சட்டப்படி பார்த்தா... பீரங்கிக்காகத்தான் படையை உண்டாக்கினது. பீரங்கி நீங்கினா படையும் நீங்கின மாதிரிதான். ஆமா. உங்களுக்கும் வேலை போச்சு.”

“யோவ் மீர்ஸா!” என்று தீரன் அலறினான்.

“சட்டம் அப்படித்தான் சொல்லுது சர்க்கார்.”

சப்ஸ் அலி துப்பாக்கியை மெதுவாகப் பீபியின் மேல் சாய்த்து வைத்தார். தொப்பியைக் கழற்றி அதன் மேல் மாட்டினார். திரும்பி மற்றவர்களைப் பார்த்தார்.

“அப்புறம் என்னடா வேடிக்கை? வீட்டுக்குப் போங்கடா! காதோட போகலாம்!”

சதுக்கத்தில் எழுந்த சத்தத்தை என்னவென்று சொல்ல! துப்பாக்கிகள் தடதடவென்று குவிந்தன. ஒருத்தன் அழுதான், ஒருத்தன் தரையை முத்தமிட்டான். முரசுக்காரன் முரசை இறக்கித் தீரனின் காலடியில் வைத்துவிட்டு, “சர்க்கார், இனி நீங்களே அடிச்சுக்குங்க” என்றான். ஒவ்வொருத்தனும் வந்து பராத்தைக் கட்டிப்பிடித்தான். அவன்தான் விடுதலை வாங்கிக் கொடுத்த மகான் மாதிரி. இத்தனை பேர் சூழ்ந்து நிற்க, இடுக்கிக்காரன் பின்னால் பின்னால் போய், தலைவலி என்று சொல்லி மறைந்துவிட்டான். மாலைக்குள் கோட்டை காலி. காற்றுதான் காவல் காத்தது.

நானும் பராத்தும் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அன்றைக்கு வயிறாரச் சிரித்தோம். மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. தீரனுக்குப் பல் பிடுங்கியாயிற்று என்று நினைத்துவிட்டோம்.

சிப்பாய்கள் போகிற வழியெல்லாம் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார்கள். அது மஷத்துக்கு எட்டியது. தேஜ்கூவில் பீரங்கியும் இல்லை, படையும் இல்லை என்றால் படை ஆளுநர் எதற்கு என்று தந்தி வந்தது. அதே அதிகாரி நேரில் பார்த்து முடிவு செய்ய வருகிறார் என்று அடுத்த தந்தி வந்தது. அன்று மத்தியானமே தீரன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். பின்னால் அடியாட்கள். ஓடவும் வழியில்லை.

நான் பராத்தை என் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டேன். ஆனால் தீரன் பல்லைக் காட்டினான்.

“தங்கச்சி, ஒரு உதவி.”

தங்கச்சியாம்! தம்பியின் நாக்கை அறுக்க வந்தவனுக்கு நான் தங்கச்சியாம்.

“என்ன உதவி?”

“உன் தம்பி கொஞ்சம் வந்து பீபிக்கு அடியில உக்காரணும். அதிகாரி வந்து பார்த்துட்டுப் போற வரைக்கும் போதும். அடைக்கலம் புகுந்தவன் ஒருத்தன் இருந்தா அது ஷாவோட பீரங்கின்னு அர்த்தம். அது ஷாவோட பீரங்கின்னா நான் ஆளுநர். அவ்வளவுதான் விஷயம்.”

“நாக்கு?”

“நாக்கு அவன்கிட்டயே இருக்கட்டும். குர்ஆன் மேல சத்தியம்.”

“முடியாதுன்னா?”

பல் மறைந்தது. அடியாட்களைத் திரும்பிப் பார்த்தான். வேறு பதில் வேண்டியிருக்கவில்லை.

சரி, வருகிறான் என்றேன். ஆனால் முதலில் பீபியை மறுபடி வேலையில் சேர்க்க வேண்டும், அதையும் ஊர் பார்க்கச் செய்ய வேண்டும், தகட்டை அவன் கையாலேயே அடிக்க வேண்டும் என்றேன். செய்தான். உச்சி வெயிலில் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு பீரங்கி மேல் ஏறி, ஆணிக்கு ஓர் அடி, விரலுக்கு ஓர் அடியாக அடித்து முடித்தான். பிறகு கட்டை விரலை வாயில் வைத்துக்கொண்டு பீபிக்கு சலாம் வைத்தான். பேகம் பல்லக்குத் திரையை விலக்கிவைத்து ஆசை தீரப் பார்த்தாள்.

படை வேண்டுமே? மறுபடி ரொட்டிக்காரன், கழுதைக்காரன், பிணம் கழுவுகிறவன். இந்தத் தடவை பராத் வரிசையில் இல்லை, பீபிக்கு அடியில்.

நான் அவன் காதைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தேன்.

“எதுக்கு உக்காந்திருக்கேன்னு கேட்டா, ஆடு திருடிட்டேன்னு சொல்லு. என்ன சொல்லணும்?”

“ஆடு திருடிட்டேன்.”

“வேற ஏதாவது வாயில வந்துது, நானே அறுத்துடுவேன்.”

“சரிக்கா.”

அதிகாரி அதே வெள்ளைக் குதிரையில் வந்தார். கூடப் பத்துக் குதிரைக்காரர்கள். குதிரை மேலிருந்தபடியே பீபியைச் சுற்றி வந்தார். அடியில் குனிந்து பார்த்தார்.

“அட, மறுபடியும் நீயா?”

தீரன் பின்னாலிருந்து பராத்துக்குக் கண்ணைக் காட்டினான்.

“யாருக்குப் பயந்து இங்க உக்காந்திருக்க?” என்றார் அதிகாரி.

ஆடு, ஆடு என்று நான் மனசுக்குள் கத்தினேன். பராத் என்னைப் பார்த்தான். தீரனைப் பார்த்தான். அவன் உதடு துடித்தது. எனக்குத் தெரிந்துவிட்டது. போச்சு.

“முதல்ல இவருக்குப் பயந்து நானா உக்காந்தேன் சர்க்கார். இப்ப உங்களுக்குப் பயந்து இவரு என்னை உக்கார வச்சிருக்காரு.”

அந்த மட்டிலாவது நிறுத்தினானா?

“ஆமா, குதிரை எப்படி சர்க்கார்? போன தடவை எங்களை எண்ணாமப் போனீங்களே, அதுக்குக் கிடைச்ச குதிரைதானே இது? நல்லாத் தீனி திங்குதா?”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அதிகாரியும் சிரிக்கவில்லை. கூட வந்த குதிரைக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அதிகாரி கையுறையை இழுத்து விட்டுக்கொண்டு மெதுவாகப் பேசினார். தேஜ்கூவில் படை ஆளுநர் பதவி இன்றோடு ரத்து. ஆளுநராக இருந்தவர் மஷத்துக்கு வந்து பதில் சொல்ல வேண்டும். பீரங்கி மஷத் ஆயுதக் கிடங்குக்குப் போகும். இத்தனை வருஷத்தில் எங்களால் முடியாததை அந்த ஆள் ஒரு மூச்சில் செய்துவிட்டார். அதற்காக அவருக்கு நன்றி சொல்ல எனக்கு நேரம் இருக்கவில்லை. ஏனென்றால் அடுத்து அவர், “அந்த நாக்குக்காரனையும் கட்டுங்க” என்றார்.

பராத் பீபியின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

“தொடாதீங்க! இது ஷாவோட பீரங்கி!” என்று நான் கத்தினேன். “தகடு இருக்கு, பாருங்க! வேலைக்குச் சேர்த்தாச்சு!”

“சட்டப்படி சேர்த்தாச்சுங்க” என்றான் மீர்ஸா. கேட்காமலே.

அதிகாரி ஊரைப் பார்த்தார். பெண்கள் கையில் கல் எடுத்திருந்தார்கள். அவர் தோளைக் குலுக்கினார்.

“சரி. பிடிச்சுக்கட்டும். வண்டி நகரட்டும். எங்கயாவது கை எடுப்பான்ல? தூங்குவான்ல? அப்பப் பார்த்துக்கலாம்.”

ஆறு ஜோடி மாடுகளைப் பூட்டி பீபியை இழுத்தார்கள். ஒரு கையை அதன் மேல் வைத்தபடி என் தம்பி கூடவே நடந்தான். வீட்டைப் பூட்டாமலே நானும் நடந்தேன். பகலில் அவன் நடக்க, நான் ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தேன். அவன் தூங்கினால் பீரங்கி வண்டியில் ஏறி உட்கார்ந்து அவன் கையைப் பீபியோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். குதிரைக்காரர்கள் இரண்டு பக்கமும் பூனை மாதிரி பார்த்துக்கொண்டே வந்தார்கள். தீரன் ஒரு கோவேறு கழுதை மேல் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தான். மஷத்தில் அவனுக்குக் கழுத்தில் கயிறு காத்திருக்கிறது என்று குதிரைக்காரர்களே அவன் காதுபடப் பேசிக்கொண்டார்கள். அவன் அழுதுகொண்டே வந்தான். எனக்கு ஒரு துளி இரக்கம் வரவில்லை.

எனக்கு ஒரே யோசனைதான். மஷத்தில் இமாமின் தர்கா இருக்கிறது. அதன் வாசலில் குறுக்கே ஒரு சங்கிலி கட்டியிருக்கும். அதைத் தாண்டி உள்ளே போனவனை ஷாவே வந்தாலும் இழுக்க முடியாது. கிடங்குக்குப் போகும் தெரு அந்த வாசலை ஒட்டித்தான் போகிறது. ஆனால் தெருவுக்கும் சங்கிலிக்கும் நடுவே ஒரு வெட்டவெளி. பீபியை விட்டுவிட்டு அதை ஓடிக் கடக்க வேண்டும். இரண்டு பக்கமும் குதிரைகள்.

“ஓட முடியுமாடா?”

“கால் செத்துப்போச்சுக்கா” என்றான் பராத். அதற்கு மேல் அவன் எதுவும் பேசவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

தர்கா வாசல் வந்தது. தங்கக் கும்மட்டம் வெயிலில் மின்னியது. யாத்திரிகர் கூட்டம். மாடுகள் மிரண்டு நின்றன. பராத் சங்கிலியையே பார்த்தான். அதிகாரி வாளில் கை வைத்துக்கொண்டு அவனையே பார்த்தார். எல்லாக் குதிரைக்காரர்களும் அவனையே பார்த்தார்கள்.

அப்போது பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். திரும்பினால், படைத் தீரன் கழுதையிலிருந்து குதித்துவிட்டான்! தொப்பையைத் தூக்கிக்கொண்டு, செருப்பு ஒரு பக்கம் தலைப்பாகை ஒரு பக்கமாக, சங்கிலியை நோக்கி ஓடினான். போர்க்களத்தில் ஓடியிருந்தால் பரிசே கொடுத்திருப்பார்கள், அப்படி ஓர் ஓட்டம்.

“பிடிங்கடா! ஆளுநரைப் பிடிங்கடா!” என்று அதிகாரி அலறினார். ஆளுநர் தப்பினால் அவர் கழுத்துக்கே ஆபத்து. பத்துக் குதிரைகளும் அந்தப் பக்கம் பாய்ந்தன. யாத்திரிகர்கள் குறுக்கே விழுந்தார்கள். நான் பராத்தின் கையைப் பீபியிலிருந்து பிய்த்து எடுத்தேன். இரண்டு பேரும் விந்தி விந்தி நடந்தே போய்ச் சங்கிலிக்கு அடியில் குனிந்து உள்ளே புகுந்தோம். ஒருத்தரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தீரனும் உள்ளே வந்துவிட்டான். ஒரு மயிரிழைதான் இடைவெளி. குதிரைக்காரன் கையில் அவன் அங்கியின் வால் மட்டும் மிஞ்சியது. முற்றத்தில் குப்புற விழுந்து இரைத்துக்கொண்டு கிடந்தான். பீபி வெளியே தெருவில் கிடங்குக்குப் போனாள்.

இன்றைக்கும் அவன் இங்கேதான் இருக்கிறான். வெளியே கால் வைத்தால் கயிறு. எங்கள் பாயும் அவன் பாயும் ஒரே மூலையில், பக்கத்தில் பக்கத்தில். வேறு மூலை எல்லாம் எங்களுக்கு முன்னால் வந்தவர்களுடையது. யாத்திரிகர் கொடுக்கும் கஞ்சியை அவனும் எங்களோடுதான் வரிசையில் நின்று வாங்குகிறான். பராத்துக்கு முதல் நாள் மட்டும்தான் வாய் அடைத்திருந்தது. இரண்டாம் நாள் காலையில் திறந்தான். முதுகுச் சொறி முதல் மெத்தைக்குள் தலை விட்டது வரை, அத்தனை ஆளுநர்களின் கதையையும் வருகிற யாத்திரிகர் எல்லாருக்கும் அவன் சொல்லுகிறான். தீரன் காதைப் பொத்திக்கொள்கிறான், புரண்டு படுக்கிறான், தொழுகையை நீட்டி நீட்டிப் பார்க்கிறான்.

நேற்றுக்கூட என்னிடம் வந்து கெஞ்சினான்.

“தங்கச்சி, அவனைக் கொஞ்சம் வாயை மூடச் சொல்லேன். தலை வெடிச்சுடும் போலிருக்கு.”

“சங்கிலிக்கு அந்தப் பக்கம் போனீங்கன்னா சத்தம் கேக்காது சர்க்கார்” என்றேன்.